லிஃப்ட் செய்த வண்டியில் காயில் ஸ்பிரிங் கழலாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி, நீளமான ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) போட்டு, முதல் தடவை கரடுமுரடான பாதையில் இறக்குகிறோம். ஒரு சக்கரம் பாறை மேல், எதிர்ச்சக்கரம் பள்ளத்தில். மேலே ஏறி சமதளத்துக்கு வரும்போது பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் ஸ்பிரிங் கப்பில் சரியாக உட்காராமல் சாய்ந்து நிற்கிறது. இதற்குப் பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “இந்த ஸ்பிரிங்கை எதை வைத்துக் கட்டுவது?” அந்தக் கேள்வியையும் அதோடு ஒட்டி வரும் மற்றவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஓட்டுவது மாருதி ஜிம்னி. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். ஆனால் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

கம்பெனியிலிருந்து வரும்போது ஸ்பிரிங்கை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

பெரும்பாலும் எதுவுமே இல்லை. மேலே சேஸியில் ஒரு கப், கீழே ஆக்சிலில் ஒரு கப், நடுவில் ரப்பர் சீட்டோடு ஸ்பிரிங். வண்டியின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. சக்கரம் எவ்வளவு கீழே தொங்கினாலும் ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்துவிடாதபடி, அதற்கு முன்பே ஷாக் தன் முழு நீளத்தை எட்டி ஆக்சிலை நிறுத்திவிடும். அதாவது, ஸ்பிரிங்கைக் கப்பில் வைத்திருக்கும் உண்மையான ‘கிளிப்’ ஷாக்கின் நீளம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

சில வண்டிகளில் கூடுதலாக ஒரு பிடிப்பும் உண்டு. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பின்பக்கம் ஸ்பிரிங்கின் கீழ்முனையை இரண்டு போல்ட் போட்ட ஒரு பிளேட் பிடித்திருக்கும். 1997இல் வந்த ஜீப் ராங்ளர் டிஜேயின் முன்பக்கத்தில் கீழ்க் கப்பில் ஒற்றை போல்ட்டோடு ஒரு சின்ன கிளிப் இருக்கும். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பிடித்திருப்பது கீழ்முனையை மட்டும்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அப்படியென்றால் லிஃப்ட் செய்ததும் ஏன் கழல்கிறது?

லிஃப்ட் செய்ததால் கழல்வதில்லை. லிஃப்டோடு சேர்த்து நீள ஷாக் போடுவதால் கழல்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் வண்டியின் எண்ணை நீங்கள்தான் அளக்க வேண்டும். ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமக்கும் எடை 250 கிலோ. ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 2.5 கிலோ தேவை. அப்படியானால் வண்டி சும்மா நிற்கும்போது ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கியிருக்கும். கம்பெனி ஷாக் அந்த நிலையிலிருந்து 80 மி.மீ. கீழே தொங்க விடுகிறது என்று வைப்போம். முழுத் தொங்கலில்கூட ஸ்பிரிங்கில் இன்னும் 20 மி.மீ. அமுக்கம் மீதி. கழல வாய்ப்பே இல்லை.

இப்போது அதே விறைப்பில், 50 மி.மீ. நீளம் கூடிய ஸ்பிரிங் போடுகிறோம். ஷாக்கை மாற்றவில்லை. வண்டி 50 மி.மீ. உயர்ந்ததால் ஷாக்கில் மிச்சம் இருக்கும் தொங்கல் வெறும் 30 மி.மீ. ஸ்பிரிங் முன்பைவிட இன்னும் கெட்டியாக உட்காரும். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் ‘டக் டக்’ என்று முழு நீளத்தில் போய் அடிக்கும். கொஞ்ச நாளில் ஷாக்கின் சீலோ, மேல் மவுண்டோ போய்விடும்.

சரி, 50 மி.மீ. நீளம் கூடிய ஷாக் போடுகிறோம். தொங்கல் மறுபடி 80. ஸ்பிரிங்கில் மறுபடி 20 மி.மீ. மீதி. எல்லாம் பொருந்திவிட்டது. இதுதான் ஒழுங்கான லிஃப்ட்.

“இன்னும் நல்லா மடங்கட்டும்”, அதாவது சக்கரம் இன்னும் கீழே இறங்கட்டும் என்று, 100 மி.மீ. கூடுதல் நீள ஷாக் போட்டால் தொங்கல் 130. ஸ்பிரிங்குக்கு இருப்பதோ 100. இடைவெளி 30 மி.மீ. இங்கேதான் கழல்கிறது.

இன்னொரு வழியிலும் மாட்டிக்கொள்ளலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. மேலே ரூஃப் ரேக், பின்னால் டிராயர் எல்லாம் வரப்போகிறது என்று நினைத்து விறைப்பான ஸ்பிரிங் வாங்குகிறோம், 1 மி.மீ.க்கு 4 கிலோ. வண்டி காலியாக இருக்கிறது, அதே 250 கிலோதான். ஸ்பிரிங் 62 மி.மீ. மட்டுமே அமுங்கும். இப்போது ஒழுங்கான, 50 மி.மீ. நீளம் கூடிய ஷாக் போட்டாலும் தொங்கல் 80, அமுக்கம் 62. இடைவெளி 18 மி.மீ. லிஃப்ட் உயரம் அதேதான், ஷாக் அதேதான், ஆனாலும் ஸ்பிரிங் கழல்கிறது. விறைப்பு கூடக் கூட ஸ்பிரிங் சீக்கிரம் தளர்ந்துவிடும். காலியாக ஓடும் வண்டிக்கு ஹெவி டியூட்டி ஸ்பிரிங் போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு, முதுகு வலியைத் தாண்டி இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பிரச்சினை எல்லா 4x4 வண்டிக்கும் வருமா?

இல்லை. மாருதி ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப்புகள் எல்லாம் பட்டை ஸ்பிரிங். யூ போல்ட் போட்டு ஆக்சிலோடு கட்டியிருப்பதால் கழல வழியே இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் ஓட்டுநரிடம் ஸ்பிரிங் கழல்வதைப் பற்றிக் கேட்டால் அவருக்கு விளங்காது. பட்டை உடையும், சென்டர் போல்ட் அறும், அது வேறு கதை.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தண்டில் கோத்து வரும் அமைப்பிலும் வராது. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் முன்பக்கம் அப்படித்தான். ஸ்பிரிங் அதன் இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கும்.

வருவது, ஒரே துண்டான ஆக்சில் மேல் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் நிற்கும் வண்டிகளில். 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர், அதன் வழியில் 1983இல் வந்த லேண்ட் ரோவர் ஒன் டென், பிறகு டிஃபெண்டர் என்று பெயர் மாறியது வரை இந்த வகை. இலங்கை மலையகத்தில் டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள். ஜிம்னியும் இதே வகை. 2018இல் வந்த ஜேபி74 என்ற மூன்று கதவு வண்டியானாலும், நம் ஊரில் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வண்டியானாலும் முன்னும் பின்னும் ஒரே துண்டு ஆக்சில், காயில் ஸ்பிரிங், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் இரண்டு நீளக் கைகள், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு பக்கவாட்டுத் தண்டு.

என் வண்டியில் கழல்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சத்தம் ஒரு அடையாளம், ஆனால் எப்போதும் கேட்காது. கண்ணால் பார்க்கக் கிடைப்பவை இவை: ஸ்பிரிங்கின் முனையை ‘வால்’ என்போம். அந்த வால், கப்பில் அதற்கென்று இருக்கும் தடுப்பில் முட்டியிருக்க வேண்டும். விலகி இருந்தால் ஸ்பிரிங் ஒரு தடவையாவது தளர்ந்து சுற்றியிருக்கிறது. கப்பின் விளிம்பில் பெயின்ட் போய்ப் பளபளப்பாக ஒரு கோடு தெரிந்தாலும் அதே கதை. ரப்பர் சீட்டில் பிறை வடிவத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்றால் அளந்துவிடுங்கள். சமதளத்தில் சேஸியை ஜாக்கி போட்டுத் தூக்கி, சேஸிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, அந்த ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் தொங்க விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே வேண்டாம். இப்போது ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தைக் கையால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் தளர்ந்துவிட்டது. சுற்றவில்லை என்றால், மேல் கப்பிலிருந்து கீழ்க் கப் வரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, ஸ்பிரிங்கின் ஃப்ரீ லென்த்தோடு ஒப்பிடுங்கள். ஃப்ரீ லென்த் என்பது எடை இல்லாமல் தரையில் நிற்கும் ஸ்பிரிங்கின் உயரம். ரப்பர் சீட்டின் கனத்தையும் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். குறைந்தது 10 மி.மீ. அமுக்கம் மீதி இருந்தால்தான் நான் அந்த வண்டியைப் பாதையில் இறக்குவேன்.

அப்புறம் இன்னொரு தடவை, ஒரு சக்கரத்துக்குக் கீழே மட்டும் கட்டைகளை அடுக்கி மேலே தள்ளிவிட்டு, தொங்கும் பக்கத்தை அளக்க வேண்டும். பாறை மேல் நடப்பது இதுதான். இரண்டும் ஒன்றாகத் தொங்கும்போது சரியாக இருக்கும் வண்டி, ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போது சில மி.மீ. தவறலாம்.

கழன்றாலும் தானாகவே திரும்ப உட்கார்ந்துகொள்கிறதே. அப்படியே விட்டால் என்ன?

என் வண்டியிலும் முதலில் அப்படித்தான் நடந்தது. நாலைந்து தடவை ‘டங்’ என்று உட்கார்ந்தது. ஆறாவது தடவை உட்காரவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் காய்ந்த ஓடை, குறுக்காக இறங்கி ஏறினேன். மேட்டில் நின்றதும் வண்டி இடது பின்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் கீழ்வளையம் கப்பின் விளிம்பு மேல் ஏறி, வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலுக்கும் பிரேக் ஹோஸுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் இடம்தான். இன்னொரு குலுக்கலில் அது ஹோஸைக் குத்தியிருக்கும். லிஃப்ட் போட்டுக் கொடுத்த பட்டறையில் விறைப்பான ஸ்பிரிங்கையும் நீள ஷாக்கையும் தனித்தனியாக நல்ல பொருளாகத்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்து யாரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை.

பாதையில் என்றால் மெதுவான வேகம், நின்றுவிடலாம். ரோட்டில் தெரியாத வேகத்தடை மேல் பறந்து இறங்கும்போதும் சக்கரம் முழுதாகத் தொங்கும். அந்த வேகத்தில் ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரில் உரசும், மோசமான வேளையில் வெளியே வந்து விழும். ஆகவே விடக்கூடாது.

இரண்டு முனையையும் பிளேட் போட்டு இறுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

இல்லை, இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் யோசனை. ஸ்பிரிங் கழலாது, உண்மை. ஆனால் ஆக்சில் இன்னும் கீழே போகப் பார்க்கும், ஸ்பிரிங் விடாது. இப்போது ஸ்பிரிங் இழுபடுகிறது.

இந்த ஸ்பிரிங்குகள் அமுக்குவதற்காகவே செய்யப்பட்டவை. தயாரிக்கும்போதே முழுதாக அமுக்கி, கம்பிக்குள் ஒரு இறுக்கத்தைப் பதிய வைப்பார்கள். மேற்பரப்பைச் சிறு உருண்டைகளால் அடித்து உறுதிப்படுத்துவார்கள். அந்த முன்னிறுக்கம் அமுக்கும் திசையில் மட்டும் உதவும், இழுக்கும் திசையில் உதவாது. அதோடு, இழுக்கும் பாரம் முழுவதும் பிளேட்டின் விளிம்பு கம்பியைத் தொடும் ஒரே இடத்தில் வந்து விழுகிறது. அங்கே கோட்டிங் உரியும், துரு பிடிக்கும், ஒரு நாள் அந்த இடத்திலேயே கம்பி முறியும். அதற்கு முன்பே பிளேட்டின் போல்ட் வளைந்து போவதும் உண்டு.

கணக்கிலும் லாபமில்லை. தொங்கும் ஆக்சில், சக்கரம் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 60 கிலோ என்று வைத்தாலும், 1 மி.மீ.க்கு 2.5 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை அது 24 மி.மீ.தான் இழுக்கும். அதாவது நீள ஷாக்குக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் வீண். அந்தத் தொங்கல் கிடைக்கவே கிடைக்காது.

கீழ்முனையை மட்டும் பிடித்தால்?

அது நல்ல வேலை. செய்யலாம். டிஃபெண்டரிலும் ஜீப்பிலும் கம்பெனியே செய்ததும் அதுதான். ஸ்பிரிங் எங்கே தளர்ந்தாலும் மேல்பக்கம் மட்டுமே விலகும். கீழே வால் தன் இடத்தில் இருப்பதால் சுற்றாது, ஆக்சிலோடு சேர்ந்தே போய்த் திரும்பும். பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து சேஸியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) காயிலுக்கு உள்ளே மேலிருந்து தொங்கும் வண்டிகளில் அந்த ரப்பரே ஓரளவுக்கு வழிகாட்டி மாதிரி வேலை செய்யும்.

லேத் பட்டறையில் செய்து வாங்குவதாக இருந்தால் 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள தகடு, 10 மி.மீ. போல்ட், நைலான் வளையம் வைத்த நட் போதும். தகட்டின் விளிம்பைக் கூர்மை போக ராவிவிட்டு, கம்பியின் வளைவுக்கு ஏற்றபடி கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள். கப்பில் படிந்து கிடக்கும் அசையாத கடைசி வளையத்தை மட்டும் அது பிடிக்க வேண்டும். அடுத்த வளையத்தைத் தொட்டால் அது அசையும்போதெல்லாம் அறுக்கும். கம்பியை நசுக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். வெளியே வரவிடாமல் தடுத்தால் போதும்.

ஆனால் இதைப் போட்டுவிட்டுத் தொங்கல் கணக்கை மறந்துவிடாதீர்கள். மேல்பக்கம் 30 மி.மீ. விலகினால் இன்னும் ‘டங்’ என்றுதான் உட்காரும்.

கேபிள் டை, ஹோஸ் கிளிப், கட்டுக்கம்பி?

காட்டிலிருந்து வீடு வந்து சேரும் வரைக்கும் சரி. அதற்கு மேல் வேண்டாம். ஹோஸ் கிளிப்பின் பட்டை கோட்டிங்கை அரித்து, நனைந்த மண்ணைப் பிடித்து வைத்து, வளையம் போலத் துருப்பிடிக்க வைக்கும்.

லிமிட் ஸ்ட்ராப் பற்றிச் சொல்லுங்கள்.

என் முடிவு இதுதான்: ஸ்பிரிங்கைக் கட்டாதீர்கள், ஆக்சில் எவ்வளவு இறங்கலாம் என்பதைக் கட்டுங்கள். அதற்கான பொருள் லிமிட் ஸ்ட்ராப். கனமான நைலான் அல்லது பாலியஸ்டர் பெல்ட், இரண்டு முனையிலும் இரும்புக் கண். ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்சிலில். ஆக்சில் குறிப்பிட்ட அளவு இறங்கியதும் பெல்ட் விறைத்து நிறுத்திவிடும். ஷாக்கையும் காப்பாற்றும், ஸ்பிரிங்கையும் கப்பில் வைத்திருக்கும், பிரேக் ஹோஸையும் இழுபடாமல் காக்கும்.

நீளம் எடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதலில் எந்த இடத்தில் ஸ்பிரிங்கில் 10 மி.மீ. அமுக்கம் மீதி இருக்கிறதோ அந்த உயரத்துக்கு ஆக்சிலை ஜாக்கியால் கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கே பெல்ட் விறைப்பாக இருக்கும்படி நீளம் எடுங்கள். பெல்ட் பாரத்தில் கொஞ்சம் நீளும், நாளாக ஆக நிரந்தரமாகவும் கொஞ்சம் நீளும். அதனால் மாட்டிய பிறகு ஒரு தடவை முழுதாகத் தொங்கவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஸ்பிரிங் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டுவது நல்லது. நடுவில் ஒன்று மட்டும் மாட்டினால் ஒரு சக்கரம் மட்டும் தொங்குவதை அது அவ்வளவாகத் தடுக்காது. ஆக்சில் மேலே ஏறும்போது பெல்ட் மடிந்து புரொபெல்லர் ஷாஃப்ட்டிலோ ஸ்பிரிங் வளையத்துக்குள்ளோ போகாத இடமாகப் பாருங்கள்.

லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டை வெட்டி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். சங்கிலியும் வேண்டாம், அது ஒரே உதறலில் மவுண்டைப் பிய்க்கும்.

டிஸ்லொகேஷன் கோன் போடலாமா?

இது கழலட்டும் என்றே விடும் முறை. கீழ்முனையை போல்ட்டால் பிடித்துவிட்டு, மேலே சேஸியில் கூம்பு மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். ஸ்பிரிங் விலகித் திரும்பும்போது கூம்பு அதை வழிநடத்தி உட்கார வைக்கும். லேண்ட் ரோவர்க்காரர்களிடம் இது நெடுநாள் பழக்கம்.

ஒழுங்காகச் செய்தால் வேலை செய்யும். ஆனால் ஸ்பிரிங் விலகிய பக்கம் சக்கரத்தை அமுக்க எதுவும் இல்லை. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் பிடிப்பு என்பது தொங்கும் ஆக்சிலின் எடை அளவுக்கு மட்டும். போட்டோவில் அழகாக இருக்கும், இழுவை அவ்வளவாகக் கூடாது. பக்கச் சரிவில் மேல்பக்க ஸ்பிரிங் விலகிவிட்டால் வண்டி திடீரென்று இன்னும் சாயும், அந்த நேரத்தில் அது பயங்கரம். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து மறுசக்கரத்துக்கு விசை அனுப்பும் வசதி கம்பெனியிலேயே இருக்கிறது. சக்கரம் ஒன்று காற்றில் நின்றாலும் வண்டி நகரும். அதனால் வாரக் கடைசியில் மலைக்குப் போகிறவருக்குக் கோன் தேவையில்லை என்பது என் கருத்து.

ஸ்பேசர் போட்டுத் தூக்கியிருக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். கம்பெனி ஸ்பிரிங்கோடு 30 அல்லது 40 மி.மீ. ஸ்பேசர், அதாவது ஸ்பிரிங்குக்கும் கப்புக்கும் நடுவே வைக்கும் கனமான வளையம், வைத்தால் ஸ்பிரிங்கும் ஸ்பேசரும் சேர்ந்த உயரத்தை ஃப்ரீ லென்த்தாக எடுத்துக்கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். கம்பெனி ஷாக் அப்படியே இருந்தால் ஸ்பிரிங் கழலாது. ஸ்பேசர்தான் நகரும், போல்ட் இல்லாத வகையானால். வாலுக்குப் பொருந்தும் பள்ளம் ஸ்பேசரிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் அடுக்காதீர்கள்.

புதிதாக வாங்கப் போகிறேன். எந்த ஸ்பிரிங்?

நீளமான, மென்மையான ஸ்பிரிங். அதே உயரத்துக்குத் தூக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஃப்ரீ லென்த் அதிகமாக இருப்பதை எடுங்கள். அது அதிகம் அமுங்கி நிற்கும், அதனால் அதிகம் தொங்கவும் விடும். வளையங்கள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும் வகை இன்னும் நல்லது. நெருக்கமான பகுதி தொங்கும்போது விரிந்து கப்பை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும். கடைக்காரரிடம் உயரம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், ஃப்ரீ லென்த் எவ்வளவு, 1 மி.மீ.க்கு எத்தனை கிலோ, இந்த ஷாக்கின் முழு நீளம் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

வலம், இடம் என்று தனித்தனியாக வரும் ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்துப் போடும் முன், எது எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள்.

பாதையில் கழன்றுவிட்டது. எப்படித் திரும்ப மாட்டுவது?

முதலில் வண்டியைச் சமமான இடத்துக்கு, முடிந்தவரை நேராக, நடை வேகத்தில் கொண்டுவாருங்கள். சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். சேஸியில் அந்தப் பக்கம் ஜாக்கி போட்டு மெல்லத் தூக்குங்கள். பாதி உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங்கில் பாரம் இருக்கும், அது எந்தத் திசையில் துள்ளும் என்று சொல்ல முடியாது. முகத்தை நேரே கொண்டுபோகாதீர்கள், வளையங்களுக்கு நடுவே விரலை விடவே விடாதீர்கள். ஒரு கயிற்றை வளையங்களில் சுற்றிச் சேஸியோடு தளர்வாகக் கட்டிவிட்டால் துள்ளினாலும் தூரம் போகாது.

சக்கரம் தொங்கியதும் சேஸிக்கு அடியில் கட்டையோ, கழற்றிய ஸ்டெப்னியோ கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்ததும் கடப்பாரையால் நெம்பிக் கப்பில் ஏற்றலாம். வால் தடுப்பில் முட்டும் வரை சுற்றுங்கள். ரப்பர் சீட் மடிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஜாக்கியை ஒவ்வொரு பல்லாக இறக்குங்கள். பாதி இறங்கியதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை வாலைப் பாருங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, முழுதாக இறக்கியபின் மறுபடி தூக்குகிறவர்களே அதிகம்.

ஸ்பிரிங்கைக் கப்போடு ஒரு பொட்டு வெல்டு அடித்துவிடலாமா?

கூடாது. வெல்டு பட்ட இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை பெறும், கம்பி அங்கேதான் உடையும். கப்பில் ஒரு நட்டை வெல்டு செய்வது வேறு, அதைச் செய்யலாம், ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு.

சர்வீஸில் லிஃப்டில் தூக்கிவிட்டுத் திரும்பக் கொடுத்த பிறகு சத்தம் வருகிறது.

இது அடிக்கடி நடக்கும். இரண்டு தூண் லிஃப்டில் சேஸியைப் பிடித்துத் தூக்கும்போது நாலு சக்கரமும் தொங்கும், ஸ்பிரிங் தளரும், டயரைக் கழற்றும்போது கை பட்டுச் சுற்றிவிடும். வேலை செய்யும் தம்பிக்கு உங்கள் வண்டி லிஃப்ட் செய்தது என்று தெரிய வழியில்லை. “இறக்கும்போது நாலு ஸ்பிரிங்கும் கப்பில் இருக்கிறதா பாருங்க” என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

முழுத் தொங்கலில், ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஏபிஎஸ் வயர் விறைக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டுத் தண்டின் நீளம் மாறாததால் வண்டி உயர்ந்ததும் ஆக்சில் ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கும். கப் கோணலாவதால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல் வளைந்து நிற்பதும் ஜிம்னி மாதிரியான நீளக்கை அமைப்பில் சகஜம். லேசான வளைவு பரவாயில்லை, வளையங்கள் ஒன்றையொன்றோ ஷாக்கையோ தொட்டால் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று. நீளக்கைகளின் ரப்பர் புஷ்களில் போகும் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். வண்டி நாலு காலில் நின்றபின் கடைசி இறுக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கவும் இடமிருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் லிஃப்ட் செய்து விபத்தானால் கிளெய்மில் சிக்கல் வரும். தனியார் இடத்தில் மட்டும் ஓட்டும் வண்டி, ரோட்டில் ஓட்டும் வண்டி என்ற வேறுபாட்டை முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

புதிதாக மாட்டியபின் 500 கி.மீ.யில் ஒரு தடவை. ஸ்பிரிங் கொஞ்சம் படிந்து இறங்கியிருக்கும், பிளேட் போல்ட்டும் தளர்ந்திருக்கும். அதன் பிறகு கரடுமுரடான ஒவ்வொரு பயணம் முடிந்தும், வண்டியைக் கழுவும்போதே. நான் நாலு வாலுக்கும் நேரே கப்பில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், பாதி கம்பியிலும் பாதி கப்பிலும் விழும்படி. தண்ணீர் அடித்ததும் குனிந்து பார்ப்பேன். கோடு நேராக இருந்தால் எழுந்துவிடுவேன். ஒரு நூல் விலகியிருந்தாலும் டேப்பை எடுப்பேன்.